பாதியில் நின்ற பின்னல்

அத்தியாயம் 11

முத்துமாரியம்மாள் மேசைமேல் வைத்த கயிற்றிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அப்புறம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் ஆபீஸில் காலண்டருக்குப் பஞ்சமில்லை. சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸின் மாடியில் இருக்கிறோம். அடுத்த வருஷத்து அமாவாசை என்றைக்கு என்பது ஊருக்குத் தெரிவதற்கு ஆறு மாதம் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். முதலாளி அருணாதேவி மேடம். இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்துபோன கட்டடங்களை அளந்தவர். சாம்பலைக் கிளறி, தீ எந்த மூலையில் பிறந்தது என்று சொல்லிவிடுவார். இப்போது சொந்தமாகத் துப்பறியும் நிலையம். நான் அன்பரசன், அவருடைய உதவியாளன். வண்டி ஓட்டுவது, போட்டோ எடுப்பது, டீ வாங்கி வருவது, கேட்காமலே ஜோக் அடிப்பது ஆகிய நான்கும் என் வேலைகள். கடைசி வேலைக்கு மட்டும் சம்பளம் கிடையாது.

அன்று காலை அந்த நான்காவது வேலையைச் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

"கொழுந்தன் வலையில மாட்டிருக்கு மேடம்," என்றார் முத்துமாரியம்மாள். "ஒடஞ்ச மிதவைத் துண்டோட சேந்து கெடந்துச்சு, அதுவும் இந்தா இருக்கு. எங்க வீட்டுக்காரக இப்படிக் கட்டமாட்டாக. அவுக போடுறது மீன்காரக முடிச்சு. இது வேற கை. பொம்பளைக கை."

அவருடைய வீட்டுக்காரர் கருப்பணன் பத்தொன்பது நாளாகக் கிளைச் சிறையில் இருக்கிறார். அவரை அங்கே அனுப்பியது எங்கள் அறிக்கை. அதை டைப் அடித்தது இந்த இரண்டு கைகள்தான். அன்றிலிருந்து தினமும் காலையில் இந்த அம்மாள் எங்கள் படியேறி வருகிறார்.

விஷயம் இதுதான். வேப்பங்குண்டுக் கண்மாயில் ஒரு தனியார் கம்பெனி மிதக்கும் சோலார் போட்டிருந்தது. பிளாஸ்டிக் மிதவைகளைக் கோத்து, மேலே சோலார் பலகைகளை அடுக்கி, நான்கு ஏக்கருக்குத் தண்ணீரிலேயே நிற்க வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு 'கரண்டுத் தெப்பம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நிலம் வாங்க வேண்டாம், பலகை சூடாகாது, கண்மாய்த் தண்ணீரும் வெயிலில் குறையாது என்று கம்பெனி சொன்னதெல்லாம் உண்மைதான். தெப்பம் காற்றில் அலையாமல் இருக்கக் கிழக்கே எட்டு, மேற்கே எட்டு என்று பதினாறு கயிறுகள். ஒவ்வொன்றின் மறுமுனையும் கண்மாய்க்கு அடியில் ஒரு கான்கிரீட் கட்டையில் கட்டியிருக்கும். தண்ணீர் ஏற ஏறக் கயிற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டும். மழைக் காலம் தொடங்கும் முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை அது.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி கொட்டிய மழையில் கண்மாய் ஒரேயடியாக ஏழடி ஏறியது. விடிந்தபோது மேற்குப் பக்கம் ஒரு கயிறு கூட இல்லை. தெப்பம் திரும்பிப்போய், உபரித் தண்ணீர் வழியும் கலிங்கில் மோதி, மேற்கு வரிசை மிதவைகள் நசுங்கி வெள்ளத்தோடு போய்விட்டன. அகப்பட்டது ஒரே ஒரு கயிற்று முனை. அதில் அரிவாள் வெட்டு. தெப்பத்தின் மேலேயே கருப்பணனின் அரிவாளும் கிடந்தது.

கருப்பணன் அந்தக் கண்மாயில் மீன் பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் எடுத்தவர். பரிசல் போக வழி விடுவதாகச் சொல்லிவிட்டு விடவில்லை என்று கம்பெனியோடு சண்டை போட்டவர். கிராம சபையில் எழுந்து, "இந்தக் கண்மா ஒரே ராத்திரியில ஆள் ஒசரத்துக்கு ஏறும். கயித்துல மேக்கால எட்டும்தான் மொதல்ல போகும், அங்கனதான் ஆழம்," என்று வேறு சொல்லியிருந்தார். மேற்கே ஏழு கயிறு தானாக அறுந்தது, எட்டாவதைத்தான் நான் வெட்டினேன், தெப்பத்தின் மூலை கரண்டுப் பெட்டியோடு தண்ணீருக்குள் இழுபட்டது, அதைக் காப்பாற்றத்தான் வெட்டினேன் என்று அவர் போலீஸில் சொன்னதை யாரும் நம்பவில்லை. கயிறெல்லாம் அன்று பகலிலேயே விட்டுக்கொடுத்தாயிற்று என்று கம்பெனி அனுப்பிய ரிஜிஸ்டர் நகல் சொன்னது. விட்டுக்கொடுத்த கயிறு ஏன் அறுக வேண்டும்? முதலில் ஒன்றை இவர் வெட்டினார், அந்தச் சுமையில் மற்றவை அறுந்தன என்று நாங்கள் முடிவு கட்டினோம். 'எந்தக் கயிறுகள் அறுகும் என்பது இவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது' என்பது எங்கள் அறிக்கையின் கடைசி வரி.

நாளை வெள்ளிக்கிழமை அவருடைய ஜாமீன் மனு மறுபடி வருகிறது. போன தடவை அந்தக் கடைசி வரியைப் படித்துக்காட்டித்தான் தள்ளுபடி செய்தார்கள்.

மேடம் கயிற்றைத் தொடவில்லை. முதலில் சாத்தூர் சேவு டப்பாவைத் திறந்தார். சேவு கடிபடாமல் அவருக்கு மூளை கிளம்பாது.

"மிதவையில என்னமோ எழுதியிருக்கே, அன்பு. படி."

"கி-8, மேடம்."

"கிழக்கு எட்டு. கயித்தை விட்டுட்டு, மிச்சம் இருக்கிற வாலைச் சும்மா சுருட்டி வைக்காம எப்படிப் பின்னி வச்சிருக்காக பாரு. இது என்ன பின்னல்?"

"தெரியல மேடம்."

"சிவகாசிக்காரனுக்குத் தெரியலையா? சரவெடி பின்னல்டா. திரியை மாத்தி மாத்திக் கொடுத்துப் பின்னுறது. பட்டாசுக் கம்பெனியில சரம் பின்னின கை எதைக் கொடுத்தாலும் இப்படித்தான் பின்னும்." அவர் குனிந்து பார்த்தார். "ஆனா இது பாதியில நிக்குது."

"லேட்டாயிருக்கும். பஸ் போயிரும்னு கிளம்பியிருப்பாக," என்றேன். அது ஜோக் மாதிரி ஒலிக்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

"சரம் பின்னுறவக வரிசையாத்தான் போவாக. ஒண்ணை முடிக்காம அடுத்ததைத் தொடமாட்டாக. எட்டாவதே பாதியில நின்னிருந்தா ஒன்பதுல இருந்து பதினாறு வரைக்கும் யாரு விட்டது?"

நான் மறுபடி காலண்டர் பக்கம் திரும்பினேன். 

"ஒன்பதுல இருந்து பதினாறுதான் மேற்குப் பக்கம்," என்று அவரே சொன்னார். "ஒரு கட்டிலோட ஒரு பக்கத்துக் கால் ரெண்டை மட்டும் தரையோட கட்டிப்போட்டுட்டு, கட்டிலைத் தூக்கினா என்ன ஆகும்? கட்டின கயிறு தெறிக்கும். அருவாளே வேண்டாம்."

முத்துமாரியம்மாள் எழுந்து நின்றுவிட்டார். "அப்ப எங்க வீட்டுக்காரக சொன்னது நெசந்தானே மேடம்?"

"இருக்கலாம்மா. நாளைக்குக் கோர்ட் கூடுறதுக்கு முன்னாடி நான் அதை நிரூபிச்சாகணும். நீங்க வீட்டுக்குப் போங்க." மேடத்தின் குரல் தாழ்ந்தது. "அந்தக் கடைசி வரி நான் எழுதினது. என்னைத் திட்டணும்னா திட்டிட்டே போங்க."

அவர் திட்டவில்லை. படியில் இறங்கும்போது, "தம்பி, நீங்களும் வெரசாப் போங்க," என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு என் நெஞ்சில் இறங்கியது.

ஸ்கூட்டரில் மேடத்தைப் பின்னால் உட்காரவைத்து விஸ்வநத்தம் வழியாகக் கண்மாய்க்குப் போனேன். வாசகர்களிடம் இனியும் மறைப்பதில் அர்த்தமில்லை. அந்தப் பின்னல் எனக்குத் தெரியும். என் பள்ளிக்கூடப் பைக்கு அறுந்த வாரைப் பின்னிக்கொடுத்த கை அது. கம்பெனியில் பலகை கழுவவும் கயிறு பார்க்கவும் எட்டுப் பெண்கள் கொண்ட குழு இருக்கிறது. எட்டுப் பேருமே பட்டாசில் இருந்து வந்தவர்கள். குழுத் தலைவி அய்யம்மாள். என்னைப் பெற்றவள்.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். ஆறு வருஷத்துக்கு முன் அம்மா வேலை பார்த்த ரூமுக்குப் பக்கத்து ரூம் வெடித்தது. அவளோடு வருஷக்கணக்காகப் பின்னிக்கொண்டிருந்த மூன்று பேரை அன்றைக்குத் துணியில் சுற்றிக் கொண்டு வந்தார்கள். "தண்ணி மேல வேலைம்மா. அங்கன தீ வராது," என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன்.

தெப்பம் உடைந்த மறுநாள், மூட்டு வலி என்று மேடம் கரையிலேயே நின்றுவிட, பரிசலில் போய்ப் போட்டோ எடுத்தவன் நான். கிழக்கே ஏழு கயிறுகளின் பின்னல்களும் கச்சிதமாக இருந்தன. எட்டாவது, கழன்றுவிழும் நிலையில் விரிசல் விட்ட மிதவையில், பாதியில் நின்றது. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா வேலையை முடிக்காமல் ஓடியிருக்கிறாள், பதினாறும் முடிந்தது என்று பொய் சொல்லியிருக்கிறாள். இது வெளியே வந்தால் வேலை போகும். வேலை போனால் மறுபடி பட்டாசு மருந்து ரூம்தான். எட்டுப் போட்டோ எடுத்தேன், ஏழு மட்டும் கொடுத்தேன். ஒன்று மங்கலாக வந்துவிட்டது என்று மேடத்திடம் சொன்னேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு முழு மனிதரை மறைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கருப்பணனைப் பிடித்த அன்று சாப்பிடும்போது, "அவுக அப்படிச் செய்யிற ஆளா?" என்று அம்மா கேட்டாள். "சாப்பிடும்மா," என்றேன். அதோடு பேச்சை முடித்துக்கொண்டேன். அதன் பிறகு பத்தொன்பது நாளும் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடவில்லை.

கண்மாய்க்கரையில் தகர ஷெட்தான் கம்பெனி ஆபீஸ். சைட் இன்ஜினியர் ஜெயபாண்டி, முப்பது வயது இருக்கும், மேடத்தைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"வாங்க மேடம். சாப்பிட்டீகளா? கேஸ்தான் முடிஞ்சிருச்சே?"

"கேஸ் முடிஞ்சிருச்சு. எனக்குத்தான் முடியல. கயித்து ரிஜிஸ்டரைக் கொடுங்க."

மழையில் ஷெட் ஒழுகி ரிஜிஸ்டர் ஊறிக் காய்ந்து அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. வியாழக்கிழமைப் பக்கத்தில் காலை ஒன்பது மணிக்கு வேலை தொடங்கியது என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பதினாறு கயிறுகள், எதிரே பதினாறு டிக்.

"யாரு டிக் அடிச்சது?"

"நான்தான் மேடம். பொம்பளைங்க பதினாறும் முடிஞ்சுதுன்னாக. அன்னைக்குச் சாயங்காலமே அடிச்சுட்டேன்."

என் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது. ஆக, அம்மா பொய்தான் சொல்லியிருக்கிறாள்.

மேடம் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "காலையில எழுதின வரி எல்லாம் மழையில கரைஞ்சு நீலமா ஓடியிருக்கு. அதே பக்கம், அதே பேனா. பதினாறு டிக் மட்டும் நேத்து அடிச்ச மாதிரி பளிச்சுனு நிக்குது. மழை என்ன, டிக்கைப் பாத்து ஒதுங்கிப் போச்சா தம்பி?"

ஜெயபாண்டி தொப்பியைக் கழற்றினான். மறுபடி மாட்டினான். "அது... காஞ்ச பிறகு ஒரு தடவை மேலாக்க எழுதினேன் மேடம். அழிஞ்சிருச்சுல்ல. ஆனா அவுக சொன்னது சொன்னதுதான்."

"சரி. அந்தக் குழுத் தலைவியைக் கூப்பிடுங்க."

அவன் போனை எடுத்தான். கரையில் புளியமரத்துக்குக் கீழே மேடம் நடந்து போனார். நானும் பின்னாலேயே போனேன். தெப்பத்தில் மிச்சமிருந்த பலகைகளை நாலைந்து பெண்கள் கழுவிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு லைஃப் ஜாக்கெட்டில் அம்மா யார் என்று தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"பின்னுறவ கை பாதியில நிக்கிறது ரெண்டே சமயம்தான்," என்றார் மேடம். "ஒண்ணு சாப்பாட்டு மணி. சாப்பிட்டுட்டு வந்து முடிச்சுருவா. இன்னொண்ணு என்ன, அன்பு?"

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வலிக்கிறது, கத்த முடியவில்லை.

"இடி," என்றேன்.

பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுப்பது அதுதான். இடி இடித்தால் கையில் இருப்பதை இருக்கிற இடத்திலேயே வை. திரும்பிப் பார்க்காமல் வெளியே வா. அம்மா வீட்டில் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாலும் இடிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்துவிடுவாள்.

"மேடம்," என்றேன். "மங்கலா வந்துருச்சுன்னு சொன்ன போட்டோ மங்கல் இல்லை. என்கிட்ட இருக்கு. அந்தத் தலைவி எங்க அம்மா."

அவர் திரும்பவில்லை. "தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"இன்னைக்குக் காலையில. முத்துமாரியம்மா கயித்தை வச்சதும் நீ காலண்டரைப் பாத்த. உங்க அம்மா சரம் பின்னினவகன்னு நீயே சொல்லியிருக்க. ரெண்டு வருஷமா எழவு வீட்டுலகூட ஜோக் அடிக்கிறவன் நீ." அப்போதுதான் என்னைப் பார்த்தார். "உன் போட்டோவை நம்பி எழுதினேன். மூட்டு வலின்னு கரையில நின்னது என் தப்பு. பொய்ன்னு தெரிஞ்சே கொடுத்தது உன் தப்பு. ரெண்டையும் சேத்து ஒரு ஆளு உள்ள இருக்காரு."

அவர் கத்தியிருந்தால் தேவலை. எனக்கு அழுகை வந்தது. அதைத் துடைக்கும் முன்பே பரிசல் கரை தட்டிவிட்டது.

அம்மா இறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ஏலே அன்பு, நீயும் வந்திருக்கியா? வாங்க மேடம்."

மேடம் கயிற்றுத் துண்டைப் பையிலிருந்து எடுத்தார். "இது யாரு பின்னினது?"

"நான்தான் மேடம். எட்டாவது. இடி இடிச்சுருச்சு, போட்டுட்டுப் புள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கரைக்கு ஓடியாந்துட்டேன்." அதில் ஒளிவுமறைவே இல்லை. சந்தையில் கத்திரிக்காய் வாங்கியதைச் சொல்வது போலச் சொன்னாள்.

"மேற்கே எட்டு?"

"அதுல கையே வைக்கல. அன்னைக்கே இன்ஜினியர் சார்கிட்ட சொல்லிட்டேனே."

எனக்குக் கண்மாய் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"சொன்னீங்களா?" என்றார் மேடம். "எப்படிச் சொன்னீங்க?"

"எனக்கு எழுத வராதுல்ல மேடம். இவன்தான் போனு வாங்கிக் கொடுத்து, அமுக்கிப் பிடிச்சுப் பேசுனாப் போயிரும்னு சொல்லிக் கொடுத்தான்." ஜாக்கெட்டுக்குள்ளிருந்து, பாலிதீன் பைக்குள் சுற்றிய போனை எடுத்துக் கொடுத்தாள். "குரூப்புல கெடக்கு பாருங்க."

மேடம் விரலால் தள்ளித் தள்ளி அந்த வியாழக்கிழமைக்குப் போனார். பிற்பகல் மூன்று ஐம்பத்திரண்டு. அமுக்கினார். முதலில் மூச்சு வாங்கும் சத்தம், பெண்கள் கூச்சல், அப்புறம் அம்மா:

"சார், அய்யம்மா பேசுறேன். கெழக்க ஏழு முடிச்சாச்சு. எட்டாவது விட்டாச்சு, வாலு மட்டும் பாதி பின்னாமக் கெடக்கு. மேக்கால எட்டும் அப்படியேதான் இருக்கு சார், தொடல. இடி இடிக்குது..." அந்த இடத்தில் போனுக்குள்ளேயே ஒரு இடி இறங்கியது. "...நாங்க இனிமே தண்ணியில எறங்கமாட்டோம். ராத்திரிக்குப் பெரு மழை வரும் போலருக்கு. ஆம்பளையாளு வச்சு இருட்டுறதுக்குள்ள மேக்கால விட்டுருங்க சார். மறந்துறாதீக."

அதற்குக் கீழே ஜெயபாண்டியின் பதில், மூன்று ஐம்பத்து மூன்றுக்கு. ஒரு கட்டைவிரல் படம்.

"சரின்னு போட்டாகளேன்னு வீட்டுக்குப் போயிட்டேன்," என்றாள் அம்மா. "காலையில வந்தா மேக்கால ஒண்ணுமில்ல. ஆளு வச்சு விட்டுருப்பாக, அதுக்கப்புறம் கருப்பணன் ஐயா வெட்டிருக்காகன்னு எல்லாரும் சொன்னாக. எனக்கு நம்ப முடியல. ஆனா நீதானே போட்டோ எடுத்த? நீதானே கேஸு எழுதுன? எம்புள்ள பாத்துட்டுத்தானே சொல்லுவான்னு இருந்துட்டேன்."

நான் மேடத்தின் கையிலிருந்த கயிற்றுத் துண்டைப் பார்த்தேன்.  அம்மா என் முகத்தையே பார்த்தாள். படிக்கத் தெரியாதவள்தான், ஆனாலும் அதைப் படித்துவிட்டாள்.

"நீ அன்னைக்கே பாத்துட்டியா, இந்தப் பின்னலை?"

தலையை ஆட்டினேன்.

"நான் பொய் சொல்லிட்டேன்னு நெனச்சியா?"

அதற்கும் ஆட்டினேன்.

"ஏலே," என்றாள். குரல் உயரவே இல்லை. "ஒரே வீட்டுலதானே இருக்கோம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பதிவான உண்மை பத்தொன்பது ராத்திரி என் பாய்க்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. துப்பறியும் நிலையத்தில் வேலை பார்க்கும் நான் ஊரெல்லாம் கேள்வி கேட்டேன். அவளை மட்டும் கேட்கவில்லை. கேட்காமலே தீர்ப்புச் சொல்லி, அந்தத் தீர்ப்பை இன்னொரு மனிதர் தலையில் கட்டிவிட்டேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். காப்பாற்ற வேண்டிய நிலையில் அவள் இருக்கவே இல்லை. இதைவிடக் கேவலமான முட்டாள்தனம் எனக்குத் தெரிந்து இந்த ஜில்லாவில் நடந்ததில்லை.

ஷெட்டில் மேடம் அந்தக் குரலை மறுபடி போட்டபோது ஜெயபாண்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"வண்டி ஓட்டிட்டிருந்தேன் மேடம். மதுரைக்கு, மச்சினன் கல்யாணம். இந்த அக்கா தினமும் நாலு வாய்ஸ் போடும். கேக்காமலே கட்டைவிரலைப் போட்டுட்டேன். மறுநாள் தெப்பம் கெடந்த கெடையைப் பாத்துட்டுத்தான் போட்டுக் கேட்டேன்."

"கேட்டுட்டு?"

"டிக் அடிச்சேன்." முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். "அவரு வெட்டினதா அறிக்கை வந்துருச்சு. நானா மேடம் சொன்னேன்? நீங்கதானே எழுதினீக."

மேடம் அதற்குக் கோபப்படவில்லை. "ஆமா. நாங்கதான் எழுதினோம்," என்றார். "கயித்தைத் தண்ணி மட்டம் பாத்து விடணும், ஒருத்தர் விட்டா, இன்னொருத்தர் நேர்ல போய்ப் பாக்கணும். உங்க கம்பெனிப் புஸ்தகத்துல இது முதல் பக்கத்துலயே இருக்கு. கருப்பணன் அதையே சபையில வாயால சொன்னாரு. தண்ணி தெரிஞ்ச ஆளைக் கூட வச்சிருந்தா இந்தத் தெப்பம் இன்னும் நின்னிருக்கும். அவரைப் போயி எதிரியாக்கினீக, நாங்க குற்றவாளியாக்கினோம்."

அரை மணி நேரத்தில் ஜெயபாண்டி தன் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டான். மேடம் வக்கீலுக்குப் போன் செய்தார். பேசிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"உன்னுடையதை நீ எழுது. எட்டுப் போட்டோ எடுத்து ஏழு கொடுத்ததைச் சேத்து."

"எழுதினா என் வேலை?"

"அதைப் பத்தி நாளைக்கு அவரு வெளிய வந்தப்புறம் யோசிக்கிறேன். இப்ப எழுது."

எழுதினேன். அரைப் பக்கம்தான் வந்தது. இவ்வளவு சின்ன விஷயமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

வெளியே வந்தால் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். "வா."

"எங்கம்மா?"

"அவுக வீட்டுக்கு. கோர்ட்டுக்குக் கொடுக்குறது பேப்பரு. அந்த அம்மாகிட்ட நீ வாயால சொல்லணும். பட்டாசு வேலை இல்லாத நாள்ல அவுக வயல்ல நான் பத்து வருஷம் களை எடுத்திருக்கேன். நாளைக்கும் நான் அவுக முகத்துல முழிக்கணும்ல."

"நாளைக்கு அவரு வந்தப்புறம் போவோமே."

"வந்தப்புறம் சொன்னா அது மன்னிப்பு இல்ல. சும்மா சேதி."

மேடம், "நான் இங்கன இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க," என்று ஷெட் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சேவு டப்பா பைக்குள்தான் இருந்தது. எடுக்கவில்லை.

கருப்பணன் வீடு கலிங்கைத் தாண்டி நான்காவது வீடு. முத்துமாரியம்மாள் வாசலில் வலையை விரித்துப்போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். அம்மா கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். "உள்ள வா அய்யம்மா," என்று அவர் கூப்பிட்ட பிறகும் நகரவில்லை. என் முதுகில் கையை வைத்து லேசாகத் தள்ளினாள்.

"நாளைக்கு வந்துருவாகம்மா," என்றேன். "வக்கீல் சொல்லிட்டாரு. கயித்தை மேக்கால விடவே இல்லைன்னு நிரூபிச்சாச்சு. அவுக சொன்னது எல்லாமே நெசம்."

அவர் வலையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாருப்ப தம்பி. நல்லாருப்ப. நீங்கதான் கண்டுபிடிச்சீகளா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஒரு நொடி நிறுத்தினேன் என்பதும் உண்மை. பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"நான் கண்டுபிடிக்கலைம்மா. எனக்கு மொதல் நாளே தெரியும். நீங்க கொண்டு வந்த கயித்தை அன்னைக்கே போட்டோ எடுத்தேன். எங்க அம்மாவுக்கு வேலை போயிருமேன்னு மறைச்சுட்டேன்."

அவர் கை என் கையை உடனே விடவில்லை. நான் சொன்னது அவருக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இறங்கிய பிறகு கையை எடுத்துத் தன் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"மனுப் போட்டு அலைஞ்சேன். தினமும் பத்து மணிக்கு உங்க ஆபீசு வாசல்ல வந்து நின்னேன். நீதானே தண்ணி மோந்து கொடுத்த," என்றார். "அம்புட்டு நாள்ல ஒரு நாக்கூடவா சொல்லணும்னு தோணல?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவருக்கு அது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நெஞ்சில் ஈரமில்லாத பயல் என்று ஒரு தடவை காறித் துப்பிவிட்டு விட்டிருப்பார்.

"தோணுச்சும்மா," என்றேன். "தினமும் தோணுச்சு."

பத்தொன்பது நாளும் அழாமல் எங்கள் படியேறி வந்த அந்த அம்மாள், அதைக் கேட்ட பிறகுதான் அழ ஆரம்பித்தார்.